புதுப் பேடு போட்டும் பிரேக் கத்துகிறதா? எண்ணெய் விடாதீர்கள்!

குர்லா லோகமான்ய திலக் டெர்மினஸ் வாசல். விடியற்காலை 5 மணி. ஊரில் இருந்து வந்த ரயில் அப்போதுதான் நின்றது.

பெட்டி, படுக்கை, முறுக்கு டின், இடுப்பில் கைக்குழந்தை என்று கோவைக் குடும்பம் ஒன்று வெளியே வந்தது. கணவன், மனைவி, ஒரு பாட்டி. ஆண்டாப்ஹில் போக வேண்டும் என்றார்கள். தாராவியில் குடியிருக்கும் நெல்லை மாவட்டத்து டிரைவர் ஒருவர் அவர்களைத் தன் கறுப்பு - மஞ்சள் டாக்சியில் ஏற்றிக்கொண்டார். நம் ஊர்ச் சவாரி கிடைத்ததில் அவருக்கு மகிழ்ச்சி.

அந்த மகிழ்ச்சி முதல் சிக்னல் வரைதான் நீடித்தது.

பிரேக்கில் கால் வைத்தார். "கிறீ....ச்!"

குழந்தை விழித்துக்கொண்டு அழுதது. அடுத்த சிக்னலிலும் அதே சத்தம். பக்கத்தில் நின்ற ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார். மூன்றாவது சிக்னலில் பாட்டிக்குப் பொறுக்கவில்லை.

"ஏனுங்க தம்பி, இந்த வண்டியிலே பிரேக் பிடிக்குமா, பிடிக்காதா?"

"நேத்துதான் புதுப் பேடு போட்டேன் அம்மா. பயப்படாதீங்க."

"புதுசு போட்ட வண்டியா இப்படிக் கத்துது?" என்றார் கணவர்.

சயான் வந்ததும் வண்டியை நிறுத்தச் சொன்னார்கள். மீட்டரில் ஓடிய பணத்தைக் கொடுத்துவிட்டு, வேறு டாக்சி பிடித்துப் போய்விட்டார்கள்.

டிரைவர் அவர்களைக் குறை சொல்லவில்லை. கைக்குழந்தையோடு வருகிறவர்கள் பயப்படத்தான் செய்வார்கள். ஆனால் ஒன்று மட்டும் அவருக்கு விளங்கவில்லை. பழைய பேடு இருந்தவரை இந்தச் சத்தமே இல்லை. காசு கொடுத்துப் புதுசு போட்ட பிறகுதான் வண்டி கத்துகிறது. இது என்ன நியாயம்?

இரண்டு சொட்டு எண்ணெய்

டாக்சி ஸ்டாண்டில் யோசனைக்குப் பஞ்சம் இல்லை. "இதுக்குப் போய் ஏன் கவலைப்படுறே? சக்கரத்தைக் கழற்றி, பேடு மேலே ரெண்டு சொட்டு ஆயில் விடு. சத்தம் நின்னுடும்" என்றார் ஒருவர்.

டிரைவர் ஒரு சிறிய எண்ணெய் பாட்டிலை வாங்கி, ஸ்டியரிங்குக்கு முன்னால் வைத்துக்கொண்டார். நல்ல வேளை, அன்றே ஊற்றவில்லை. குர்லாவில் பல ஆண்டுகளாக வண்டி வேலை பார்க்கும் தூத்துக்குடிப் பக்கத்து மெக்கானிக் ஒருவரைப் பார்க்கப் போனார். பத்மினி டாக்சி காலத்தில் சிறுவனாக வந்து தொழில் கற்றவர் அவர். அந்த வண்டிகளில் நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக்தான். பத்மினி டாக்சிகள் 2023 அக்டோபருடன் மும்பைச் சாலையில் இருந்து விடைபெற்றன. இப்போது ஓடும் டாக்சிகளில் பெரும்பாலும் முன் சக்கரங்களில் டிஸ்க் பிரேக், பின் சக்கரங்களில் டிரம் பிரேக்.

மெக்கானிக்கின் கண்ணில் முதலில் பட்டது அந்த எண்ணெய் பாட்டில்தான்.

"இதை யாரு வாங்கச் சொன்னா தம்பி?"

"ஸ்டாண்டிலே சொன்னாங்க அண்ணாச்சி. ரெண்டு சொட்டு விட்டா சத்தம் நின்னுடுமாம்."

"அவன் சொன்னதிலே பாதி உண்மை. சத்தம் நிக்கும். வண்டி நிக்காது."

டிரைவர் பாட்டிலை எடுத்துக் கீழே வைத்துவிட்டார்.

பிரேக் என்பது உராய்வை நம்பி இருக்கும் கருவி. பேடும் டிஸ்க்கும் ஒன்றை ஒன்று இறுகப் பற்றினால்தான் வண்டி நிற்கும். நடுவில் எண்ணெய் புகுந்தால் பிடிப்பு போய்விடும். பேடு எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும். பிறகு துடைத்தாலும் போகாது. சூடு ஏறும்போது எண்ணெய் மறுபடியும் மேலே கசியும். அப்படிப்பட்ட பேடை எறிந்துவிட்டுப் புதுசு போடுவதைத் தவிர வேறு வழி இல்லை.

மணிக்கு 60 கிலோ மீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரே வினாடியில் 16 மீட்டருக்கு மேல் ஓடிவிடும். குறுக்கே ஒரு சிறுவன் ஓடி வந்தால், டிரைவர் சுதாரித்து மிதிப்பதற்குள் அந்தத் தூரம் போய்விடுகிறது. அதற்குப் பிறகு அவரைக் காப்பாற்ற வேண்டியது பிரேக்தான். அதிலே எண்ணெய் இருந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவை இல்லை.

சத்தம் எப்படி வருகிறது?

பள்ளிக்கூடத்தில் வாத்தியார் கரும்பலகையில் எழுதும்போது, சாக்பீஸ் சில சமயம் 'கிறீச்' என்று கத்தும். பல் கூசும். சாக்பீஸ் பலகையில் ஒட்டி, விட்டு, மறுபடி ஒட்டி, விட்டு வேகமாக அதிர்வதுதான் அதற்குக் காரணம்.

பிரேக்கிலும் அதே கதைதான். சக்கரத்தோடு சுற்றுகிறது இரும்பு டிஸ்க். அதன் இரண்டு பக்கமும் இரண்டு பேடுகள். மிதியை அழுத்தினால் பிரேக் ஆயிலின் அழுத்தம் பிஸ்டனைத் தள்ளுகிறது. பேடுகள் டிஸ்க்கை இடுக்கி போலப் பிடிக்கின்றன. அப்போது பேடு ஒரு வினாடிக்கு ஆயிரக்கணக்கான தடவை அதிர்ந்தால், அந்த அதிர்வை டிஸ்க் மணி போல வாங்கி ஒலிக்கிறது. அதுதான் நாம் கேட்கும் 'கிறீச்'.

இது இன்று நேற்று வந்த தொல்லை அல்ல. 1902-ம் ஆண்டில் இங்கிலாந்தைச் சேர்ந்த லான்செஸ்டர் என்ற பொறியாளர் காருக்கான டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை வாங்கினார். இரும்புத் தகட்டின்மீது செம்புத் துண்டை அழுத்தினார்கள். அது போட்ட கூச்சல் தாங்க முடியவில்லை. 1907-ல் புரூட் என்ற இன்னொரு ஆங்கிலேயர், பேடில் கல்நார் கலந்த லைனிங்கைப் பதித்துச் சத்தத்தைக் குறைத்தார். கல்நார்த் தூசி நுரையீரலைக் கெடுக்கும் என்பது பின்னால் தெரிய வந்தது. அதனால் நல்ல நிறுவனங்கள் இப்போது கல்நார் இல்லாமலே பேடு செய்கின்றன.

ஆக, டிஸ்க் பிரேக் பிறந்த நாளிலேயே சத்தமும் கூடப் பிறந்துவிட்டது. பேடு ஆடாமல் அசையாமல், அதே சமயம் தடையில்லாமல் நகரும்படி உட்கார வேண்டும். அப்படி உட்கார்ந்தால் சத்தம் அடங்கும்.

பழைய பேடு சொன்ன ரகசியம்

"கழற்றின பழைய பேடு எங்கே?" என்று கேட்டார் மெக்கானிக்.

டிரைவர் அவற்றை எறியாமல் டிக்கியில் போட்டு வைத்திருந்தார். அதுதான் அவர் செய்த நல்ல காரியம்.

மெக்கானிக் நான்கையும் தரையில் வரிசையாக வைத்தார். இடது சக்கரத்துப் பேடுகள் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவில் தேய்ந்திருந்தன. வலது சக்கரத்தில் உள்பக்கப் பேடு 2 மில்லி மீட்டர்தான் மிச்சம். வெளிப்பக்கப் பேடு 6 மில்லி மீட்டர் இருந்தது.

"பிரேக் போட்டா வண்டி இடது பக்கம் இழுக்குதா?"

"ஆமா அண்ணாச்சி. மழையிலே கொஞ்சம் இழுக்கும். டயரிலே காத்து குறைச்சல்னு நினைச்சேன்."

"காத்து இல்லை தம்பி. உன் வலது பக்கத்து பிரேக் பாதிதான் வேலை செய்யுது."

டிரைவரின் முகம் மாறிவிட்டது. சத்தத்தைப் பற்றிக் கேட்க வந்தவருக்கு, சத்தத்தை விடப் பெரிய விஷயம் ஒன்று தெரிந்தது. அந்த வண்டியில்தான் அவர் தினமும் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிச் செல்கிறார்.

சக்கரத்தைக் கழற்றிப் பார்த்ததும் காரணம் வெளிப்பட்டது. பேடுகளைத் தாங்கும் காலிபர் இரண்டு வழுக்குப் பின்களின்மேல் உள்ளும் வெளியும் நகர வேண்டும். வலது பக்கத்தில் ஒரு பின் துருப்பிடித்து இறுகிவிட்டது. காலிபர் நகராததால் வெளிப்பக்கப் பேடு டிஸ்க்கைச் சரியாகத் தொடவே இல்லை. எப்போதோ யாரோ அதில் சாதாரண கிரீசைத் தடவி இருக்கிறார்கள். சாதாரண கிரீஸ் பட்டால் அங்கே இருக்கும் ரப்பர் உறை ஊதிப்போகும். ஊதிய உறைக்குள் மழைத் தண்ணீர் போகும். பிறகு துருதான்.

வலது பக்கம் வேலை செய்யாததால் இடது பக்கத்துக்கு இரட்டை வேலை. அங்கே வேறு குறைகள். பேடு உட்காரும் இடத்தில் உள்ள தகட்டுக் கிளிப்புகள் பழையவை, அடியில் துரு. பேடின் முதுகில் ஒட்டி இருக்க வேண்டிய மெல்லிய தகடும் இல்லை. ஷிம் என்று சொல்லப்படும் அந்தத் தகடு அதிர்வைத் தாங்குவதற்காகவே வைக்கப்படுகிறது. டிஸ்க்கின் ஓரத்தில் வரம்பு போல ஒரு மேடு. பழைய பேடு அந்த மேட்டுக்குள்ளேயே தேய்ந்து பழகி இருந்தது. புதுப் பேடின் விளிம்பு மேட்டில் ஏறி உரசிற்று.

முன்பு வேலை செய்தவர் பழைய பேடை எடுத்துவிட்டுப் புதுசைச் செருகி, கால் மணி நேரத்தில் காசு வாங்கிக்கொண்டார். பேடு புதுசு. மற்ற எல்லாம் பழசு. புதுப் பேடு போட்டதும் சத்தம் வருவதற்கு இதுதான் பெரும்பாலும் காரணம்.

எந்தச் சத்தத்துக்கு என்ன பொருள்?

எல்லாச் சத்தமும் ஒன்றல்ல. மெக்கானிக் பிரித்துச் சொன்னதாவது:-

"காலையில் முதல் இரண்டு மூன்று பிரேக்குக்கு மட்டும் கரகரவென்று வந்து நின்றுவிட்டால் பயம் இல்லை. மும்பை மழையிலும் கடல் காற்றிலும் ஒரே இரவில் டிஸ்க்கின் மேல் மெல்லிய துரு படியும். பேடு அதைத் தேய்த்துவிட்டால் சரியாகிவிடும்.

பிரேக் போடும்போதெல்லாம் மெல்லிய 'கிறீச்' வந்தால் பேடு அதிர்கிறது என்று பொருள். கிளிப், ஷிம், கிரீஸ், டிஸ்க்கின் முகம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

பிரேக் போடாத போதும் 'சர்...சர்...' என்று உரசினால் டிஸ்க்குக்குப் பின்னால் உள்ள தூசித் தகடு வளைந்து தொடலாம். சின்னக் கல் மாட்டி இருக்கலாம். வேலை செய்யும்போது கை பட்டுத் தகடு வளைவது சகஜம். விரலால் நிமிர்த்திவிடலாம்.

முதல் மிதியில் மட்டும் 'டக்' என்று தட்டினால் பேடு கூட்டில் லொட லொட என்று ஆடுகிறது. கிளிப் இல்லை, அல்லது வேறு வண்டியின் கிளிப் போட்டிருக்கிறார்கள்.

இரும்போடு இரும்பு அரைக்கும் சத்தம் வந்தால், அங்கேயே வண்டியை நிறுத்த வேண்டும். பேடு முழுதும் தேய்ந்து, தகடு டிஸ்க்கை அறுக்கிறது. வீடு வரை போய்விடலாம் என்று ஓட்டக் கூடாது."

இன்னொரு விஷயமும் உண்டு. பல பேடுகளில் வளைந்த சிறு இரும்பு நாக்கு ஒன்று வைத்திருப்பார்கள். பேடு 2 அல்லது 3 மில்லி மீட்டருக்குத் தேய்ந்ததும் அந்த நாக்கு டிஸ்க்கைத் தொட்டுக் கத்தும். "என்னை மாற்று" என்று அறிவிக்கும் மணி அது. புதுப் பேடைப் பக்கம் மாற்றிப் போட்டாலும், அந்த நாக்கு வளைந்துவிட்டாலும், முதல் நாளே மணி அடிக்கத் தொடங்கிவிடும். மணி அடிக்கிறது என்பதற்காக அந்த நாக்கை வெட்டி எறிவோரும் இருக்கிறார்கள். அது தவறு. நாக்கைச் சரியான இடத்தில் இருக்கும்படி வைப்பதே முறை.

சரி செய்தது எப்படி?

அன்று அந்த டாக்சிக்கு நடந்த வேலையைப் படிப்படியாகப் பார்ப்போம். சொந்த வண்டி வைத்திருக்கும் அலுவலக அன்பர்களும் தெரிந்துகொள்வது நல்லது. நாமே செய்யாவிட்டாலும், செய்கிறவரிடம் கேட்கத் தெரிய வேண்டும் அல்லவா?

1. சமதரையில் வண்டியை நிறுத்தி, பின் சக்கரங்களுக்கு அடியில் கட்டை வைத்தார்கள். ஜாக்கியை மட்டும் நம்பாமல், வண்டிக்கு அடியில் ஸ்டாண்டு கொடுத்தார்கள். ஜாக்கி நழுவி உயிர் போவது உண்டு.

2. சக்கரத்தைக் கழற்றி, காலிபரைத் திறந்து, அதைக் கம்பியால் மேலே கட்டித் தொங்கவிட்டார்கள். பிரேக் ஓசில் தொங்கவிட்டால் ஓசு உள்ளே கிழியும். வெளியே தெரியாது.

3. பிரேக் தூசியை வாயால் ஊதவில்லை, காற்றடித்தும் ஊதவில்லை. ஈரத் துணியால் துடைத்தார்கள். பிறகு பிரேக் கிளீனர் அடித்துக் காயவிட்டார்கள். பெட்ரோல், டீசல் போட்டுக் கழுவக் கூடாது.

4. இறுகிய பின்னைக் கழற்றிப் பார்த்ததில் அது அரித்துப் போயிருந்தது. புதுப் பின்னும் புது ரப்பர் உறையும் போட்டார்கள். உள்ளே சூடு தாங்கும் சிலிக்கோன் கிரீசை மெல்லியதாகத் தடவினார்கள். கையால் தள்ளினால் பின் எண்ணெயில் விட்டது போல நகர வேண்டும்.

5. கிளிப்புகளைப் பிடுங்கி, அடியில் இருந்த துருவைக் கம்பி பிரஷால் சுரண்டினார்கள். புதுக் கிளிப்புகள் போட்டார்கள். அதில் பேடை வைத்தால் விரலால் தள்ளும்போது நகர வேண்டும். சுத்தியலால் தட்டி இறக்க வேண்டி இருந்தால் தவறு. லொட லொட என்று ஆடினாலும் தவறு.

6. டிஸ்க்கின் தடிமனை அளந்தார்கள். இதற்குக் கீழே போகக் கூடாது என்ற குறைந்தபட்ச அளவு டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும். நல்ல வேளையாக, அதற்கு மேலேயே இருந்தது. லேத் பட்டறையில் கொடுத்து இரண்டு பக்கத்து டிஸ்க்கையும் மெல்லியதாகக் கடைந்து, ஓர மேட்டை எடுத்தார்கள். அளவு குறைந்திருந்தால் கடைசலுக்கு இடமே இல்லை; இரண்டு பக்கமும் புது டிஸ்க்தான். புது டிஸ்க்கில் துருப்பிடிக்காமல் இருக்க எண்ணெய் தடவி இருப்பார்கள். அதைக் கிளீனரால் துடைக்காமல் பூட்டினாலும் சத்தம் வரும்.

7. புதுப் பேடுகளை எறியவில்லை. சூட்டில் இடது பேடின் முகம் கண்ணாடி போல மினுமினுப்பாகி இருந்தது. உப்புத்தாளைச் சமமான பலகையில் விரித்து, பேடை அதன்மேல் வைத்து லேசாகத் தேய்த்தார்கள். மினுமினுப்பு போய் மங்கலான முகம் வந்தது. தேய்க்கும்போது மூக்கில் துணி கட்டிக்கொண்டார்கள்.

8. பேடின் முதுகில் ஷிம் தகடு வைத்தார்கள். பிஸ்டன் தொடும் இடத்திலும், கிளிப்பில் உட்காரும் காதுகளிலும் பிரேக்குக்கான கிரீசைப் பொட்டு வைப்பது போல மட்டும் வைத்தார்கள். பேடின் முகத்திலும் டிஸ்க்கிலும் துளியும் படவிடவில்லை. கை தவறிப் பட்டால் கிளீனர் போட்டுத் துடைக்க வேண்டும்.

9. பிஸ்டனை மெதுவாக உள்ளே தள்ளினார்கள். அப்போது மேலே உள்ள டப்பாவில் பிரேக் ஆயில் உயரும். வழிந்து பெயிண்டில் பட்டால் பெயிண்ட் உரிந்துவிடும். அதனால் ஒருவர் டப்பாவைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

10. சக்கர நட்டுகளை வரிசையாக அல்லாமல் எதிர் எதிராக, சமமாக இறுக்கினார்கள். ஒரு பக்கம் அதிகமாக இறுகினால் டிஸ்க் கோணிக்கொள்ளும்.

மறக்கவே கூடாதது

வேலை முடிந்து டிரைவர் சாவியைத் திருகப் போனார். மெக்கானிக் தடுத்தார்.

"முதல்லே பிரேக்கை மிதி. அது கல்லு மாதிரி நிக்கிற வரைக்கும் மிதி."

பிஸ்டனை உள்ளே தள்ளி இருப்பதால் முதல் மிதியில் பிரேக் பிடிக்காது. மிதி தரை வரை போகும். வண்டியை எடுத்துவிட்டுச் சாலையில் போய் முதல் பிரேக் போட்டால் விபத்துதான். பேடு மாற்றிய பின் நின்ற இடத்திலேயே பல தடவை மிதித்து, மிதி கெட்டியான பிறகே வண்டியை நகர்த்த வேண்டும். பிறகு டப்பாவில் ஆயில் அளவையும் பார்க்க வேண்டும். எத்தனை தடவை மிதித்தாலும் கெட்டியாகாமல் மெத்து மெத்து என்று இருந்தால் உள்ளே காற்று புகுந்திருக்கிறது. அதை எடுக்காமல் ஓட்டக் கூடாது.

விடியற்காலைப் பழக்க ஓட்டம்

மறுநாள் விடியற்காலை, போக்குவரத்து குறைந்த நேரத்தில், இருவரும் ஈஸ்டர்ன் எக்ஸ்பிரஸ் ஹைவேக்கு வண்டியைக் கொண்டு போனார்கள். சவாரி யாரும் இல்லை. பின்னால் வண்டி வருகிறதா என்று பார்த்துக்கொண்டார்கள்.

மணிக்கு 50 கிலோ மீட்டர் வேகத்தில் போய், நிதானமான அழுத்தத்தில் பிரேக் போட்டு 10 கிலோ மீட்டருக்குக் குறைப்பது. முழுதாக நிறுத்தாமல் மறுபடி வேகம் எடுப்பது. அரை கிலோ மீட்டர் போல ஓடிச் சூடு தணிந்ததும் மறுபடி பிரேக். இப்படிப் பத்து தடவை. கடைசியில் கூடிய வரை பிரேக் போடாமல் சில நிமிடங்கள் ஓட்டி ஆறவிடுவது.

இப்படிச் செய்யும்போது பேடின் பொருள் டிஸ்க்கின் மேல் மெல்லிய, சமமான பூச்சாகப் படிகிறது. பேடும் டிஸ்க்கும் ஒன்றுக்கு ஒன்று பழகுகின்றன. புதுச் செருப்பு காலுக்குப் பழகுவது போலத்தான். சூடான பிரேக்கை அழுத்தியபடியே வண்டியை நிறுத்தி வைத்தால் பூச்சு ஓர் இடத்தில் திட்டாக ஒட்டிக்கொள்ளும். பிறகு பிரேக் போடும்போது ஸ்டியரிங் உதறும்.

சில நிறுவனங்கள் பேடின் அட்டைப் பெட்டியிலேயே வேறு முறை அச்சிட்டிருக்கும். அப்படி இருந்தால் அதன்படி செய்வதே நல்லது. அதற்குப் பிறகும் முதல் 200, 300 கிலோ மீட்டருக்குத் திடீர் பிரேக்கைத் தவிர்க்க வேண்டும். புதுப் பேடு போட்ட கையோடு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு கண்டாலா மலைப்பாதையில் இறங்குவது கூடாது.

முதல் மூன்று நான்கு பிரேக்குக்கு லேசாக முனகல் இருந்தது. ஏழாவது, எட்டாவது பிரேக்கில் அதுவும் இல்லை. டிரைவர் ஸ்டியரிங்கில் இருந்து கையை லேசாகத் தளர்த்திப் பார்த்தார். வண்டி இடது பக்கம் இழுக்கவில்லை. நேராக நின்றது.

பலரும் கேட்கும் கேள்விகள்

சத்தம் வரும் சக்கரத்துக்கு மட்டும் பேடு மாற்றலாமா?

கூடாது. முன் சக்கரங்கள் என்றால் இரண்டு பக்கமும் சேர்த்து நான்கு பேடுகளையும் மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் பிடிப்பு ஒரு பக்கம் கூடி, ஒரு பக்கம் குறையும்.

விலை குறைந்த பேடுதான் சத்தத்துக்குக் காரணமா?

சில சமயம் ஆம். உலோகத் தூள் அதிகம் கலந்த பேடு சூட்டைத் தாங்கும். ஆனால் சத்தம் கூடுதலாக வரலாம். பீங்கான் வகைப் பேடு அமைதியானது, விலை அதிகம். எந்த வகையாக இருந்தாலும் பெயர் தெரியாத போலிச் சரக்கு வேண்டாம். ஆனால் விலை உயர்ந்த பேடையும் துருப்பிடித்த கிளிப்பில் செருகினால் கத்தத்தான் செய்யும்.

பேடின் ஓரத்தைச் சரிவாகத் தேய்த்தால் சத்தம் போகும் என்கிறார்களே?

பல பேடுகள் ஓரம் சரிவாகவே வருகின்றன. கூர்மையான ஓரம் டிஸ்க்கைக் கடித்து அதிர்வதை அது குறைக்கும். சரிவு இல்லாத பேடில் மெக்கானிக்குகள் லேசாகத் தேய்த்துக் கொடுப்பது உண்டு. ஆனால் மற்ற குறைகளை அது மறைக்காது.

பின் சக்கரத்தில் சத்தம் வந்தால்?

டிரம் பிரேக் என்றால் உள்ளே தூசி சேர்ந்திருக்கும். சுத்தம் செய்தால் பெரும்பாலும் அடங்கும். பின்னாலும் டிஸ்க் உள்ள புது ரகக் கார்களில், சுவிட்சைத் தட்டினால் விழும் கைப் பிரேக் இருந்தால், பிஸ்டனைக் கையால் பலவந்தமாகத் தள்ளக் கூடாது. அதற்கு உரிய முறைப்படி, கருவி உள்ள இடத்தில்தான் செய்ய வேண்டும்.

கேட்க வேண்டியது நான்கு

பேடு மாற்றக் கொடுக்கும்போது நான்கு விஷயங்களைக் கேட்டு வாங்குங்கள் என்கிறார் மெக்கானிக். பழைய பேடுகளைக் கையில் கொடுக்கச் சொல்லுங்கள். இரண்டும் ஒரே அளவில் தேய்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். வழுக்குப் பின்கள் நகர்வதைக் காட்டச் சொல்லுங்கள். கிளிப்புகள் புதுசா என்று கேளுங்கள். டிஸ்க்கை அளந்தாரா என்று கேளுங்கள்.

கிளிப்பும் கிரீசும் பேடின் விலையில் சிறு பகுதிதான். வேலை நேரம் ஒரு மணி, இரண்டு மணி கூடலாம். ஒரு நேரச் சவாரி போகும். அன்று சயானில் இறங்கிப் போன குடும்பத்தைப் போல, தினம் தினம் சவாரி இறங்கிப் போவதைவிட அது நஷ்டம் அல்ல.

அந்த வாரமே மறுபடியும் குர்லா டெர்மினஸ். ஊர் ரயிலில் வந்த இன்னொரு குடும்பம். தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டபடி ஓர் அம்மாள் பின் சீட்டில் உட்கார்ந்தார். சயான் சிக்னலில் வண்டி நின்றது. குழந்தை விழிக்கவில்லை.

அந்த எண்ணெய் பாட்டில் வீணாகவில்லை. டிரைவர் வீட்டுத் தையல் மிஷினுக்குப் பயன்படுகிறது.